எட்டுப் பேருக்கு ஒரு மேசை

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். தையல் ஆலையில் கடைசி மேசை என்னுடையது. சட்டை தைத்து முடிந்து என் கைக்கு வரும். காலர் ஒரு நூல் ஏறியிருந்தாலும், பொத்தான் துளை மயிரிழை விலகியிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். எனக்குப் பூதக்கண்ணாடி என்று பேர் வைத்தது கட்டிங் செக்ஷன். வைத்தவர் யாரென்றும் தெரியும், எங்கள் மாஸ்டரம்மாதான். நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிற அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நல்ல விதமாகச் சொல்லி முடிப்பேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், ஏனென்றால் இதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

மாஸ்டரம்மா எங்கள் ஆலைக்கு நூல் கத்தரிக்கிற வேலைக்கு வந்தவர். தைத்த துணியில் தொங்கும் நூலை நறுக்குகிற வேலை, அதற்குக் கீழே வேலையே கிடையாது. கட்டிங் மெஷினைப் பெண்கள் தொடக் கூடாது என்பது அப்போது எழுதாத சட்டம். ஆண்கள் சாப்பிட வெளியே போன நேரத்தில் கழிவுத் துணியை அடுக்கி வைத்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தானே வெட்டிப் பழகியிருக்கிறார். ஒருநாள் பழைய மாஸ்டர் வரவில்லை. ஏற்றுமதி தலைக்கு மேல் நின்றது. மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது இவர் போய் மெஷினைப் பிடித்தார். அதன் பிறகு முப்பத்தோரு வருஷம் அந்தப் பிடியை விடவில்லை.

இருநூறு அடுக்குத் துணியை விரித்து, அதன் மேல் அளவுக்கு வெட்டிய பேட்டர்ன் தாளை வைத்து, நெட்டுக்குத்தாக ஓடும் கத்தியைத் தள்ளிக்கொண்டு போகிற வேலை அது. கத்தி கொஞ்சம் விலகினால் ஒரு சட்டை இல்லை, இருநூறு சட்டை போச்சு. அதனால் வெட்டும்போது அக்கா வாயே திறக்க மாட்டார். இடது கையில் இரும்பு வலைக் கையுறை, ஃபோன் லாக்கரில். ஆலை தீப்பிடித்தாலும் அந்த வளைவை முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார் என்று கேலி செய்வோம். அவர் தனக்கென்று ஒரு சட்டமும் வைத்திருந்தார். தப்பாக வெட்டியவர் மறுபடி துணி கேட்டுப் போய் நிற்கக் கூடாது. இருக்கிற துணியில் எப்படியாவது சமாளிக்க வேண்டும்.

கேன்டீனில் எங்களுக்கு ஒரு நீள மேசை. நாங்கள் ஏழு பேர், அக்காவோடு எட்டு. பதினெட்டு வருஷமாக அதே இடம், அதே வரிசை, அக்காவுக்கு நேர் எதிரே நான். யார் டப்பாவில் என்ன இருக்கிறது என்று மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவோம். யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார், யார் மகள் எந்தப் பாடத்தில் கோட்டை விட்டாள், யாருடைய வீட்டுக்காரர் எத்தனை நாளாகப் பேசவில்லை, எல்லாம் அந்த மேசையில் வந்து விழும். "ஒருநாள் உங்க எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, ஒரே மேசையில உக்கார வெச்சு சாப்பாடு போடணும்டி" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பார். பதினெட்டு வருஷத்தில் அவர் வீட்டில் நாங்கள் ஒருவரும் கை நனைத்ததில்லை.

காரணம் அவர் வீட்டுக்காரர். ஏதோ ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையை இஸ்திரி போடாமல் மாடிப்படி இறங்க மாட்டார். மனைவி என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "ஜவுளித் துறையில இருக்காங்க" என்பார். ஏற்றுமதிக் கம்பெனியின் முதலாளி அம்மா என்று கேட்டவர்கள் நினைத்துக்கொண்டால் அது அவர் குற்றமில்லை. ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் பார்த்து "அண்ணே" என்று கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. "சார்" என்றேன், திரும்பினார். அன்றைக்கே அவருக்கு மனசுக்குள் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன்.

போதாக்குறைக்கு அந்த வீட்டுச் சமையலறை. ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். சாப்பாடு ஹாலில், ஆளுக்கொரு மூலையில், டி.வி.யைப் பார்த்துக்கொண்டு. மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்த பிறகுதான் அந்த வீட்டில் காற்று மாறியது. அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். சொல்ல ஆசைதான், ஆனால் காரணம் கிடைக்கவில்லை. நடுச்சுவரை இடித்துவிடலாம், சமையலறையையும் ஹாலையும் ஒன்றாக்கலாம் என்று அவள்தான் சொன்னாள். இடித்தார்கள். சாம்பல் நிற அலமாரி, வெள்ளைக் கல் மேடை, மேடைக்கு மேலே தொங்குகிற மூன்று விளக்கு. அக்கா ஃபோனில் காட்டியபோது அவர் முகமெல்லாம் பல்.

"இந்த எடத்தப் பாரு" என்று மேடைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் விரலை வைத்தார். "இங்க ஒரு மேசை. எட்டு பேரு."

எட்டு என்றதும் நாங்கள் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம். அவர் யாரை எண்ணுகிறார் என்று ஒருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். திங்கட்கிழமை கேன்டீனில் எங்களுக்கு முழுக்கதையும் நடித்துக் காட்டுவார். முதல் கடையில் விற்பனையாள், "எத்தன பேருக்கு சார்?" என்று கேட்டிருக்கிறார்.

"நாலு" என்றாராம் வீட்டுக்காரர்.

"எட்டு" என்றாராம் அக்கா.

விற்பனையாள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆறு பேர் மேசையைக் காட்டினாராம். பிழைக்கத் தெரிந்தவர்.

வீட்டுக்காரருக்குக் கண்ணாடி மேசை பிடித்தது, ஆபீஸில் பெரியவர்கள் அறையில் அதுதான் இருக்குமாம். மருமகளுக்கு வெளிர் நிற மரம், அந்தச் சாம்பல் அலமாரிக்கு அதுதான் எடுப்பாக இருக்கும் என்றாள். மகன் எதைக் காட்டினாலும் "நல்லாருக்கு" என்றான். அக்கா கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து, குனிந்து, மேசைகளின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். "மேல மரத் தோலு, உள்ள வெறும் தூளு. கால ஆட்டிப் பாத்தேன், பால்பல்லு மாதிரி ஆடுது" என்றார். "மேடம் இதே தொழிலா?" என்று ஒரு கடைக்காரர் கேட்க, "இல்லல்ல, அவங்க சும்மா பாப்பாங்க" என்று வீட்டுக்காரர் முந்திக்கொண்டாராம்.

மூன்றாவது ஞாயிறு அக்கா சொல்லிவிட்டார். கடையில் வாங்க வேண்டாம், தச்சரிடம் செய்துகொள்ளலாம், மரம் மருமகள் சொன்ன நிறம், அளவு தான் சொல்கிற அளவு என்று. அந்த வீட்டில் அவர் இப்படிப் பிடிவாதமாக ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "நாலு பேருக்கு எட்டு நாற்காலி எதுக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "விருந்தாளி வருவாங்க" என்று மட்டும் சொன்னாராம்.

மேசைக்கு அக்காவே பேட்டர்ன் வெட்டினார். சாப்பாட்டு நேரத்தில், கட்டிங் மேசையில், பழுப்புத் தாளை விரித்து. எட்டடி நீளம், நாலடி அகலம், முனையில்லாத நீள்வட்டம். யார் இடுப்பிலும் இடிக்கக் கூடாது என்று வளைவை மூன்று முறை திருத்தினார். சட்டையின் முதுகுக்கு எங்களில் யாரும் முழுத்தாள் வெட்டுவதில்லை. பாதிதான் வெட்டுவோம். நேர் விளிம்பில், இரண்டு முனையும் உள்பக்கம் மடங்கிய ஒரு அம்புக்குறி போடுவோம். இந்த விளிம்பு துணி மடிப்பில் வரும், விரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் என்று அதற்கு அர்த்தம். அக்காவும் கை வந்தபடி பாதிதான் வெட்டினார். எட்டடி நீளம், இரண்டடி அகலம், ஒரு பக்கம் வளைவு, ஒரு பக்கம் நேர்கோடு. அம்புக்குறியும் போட்டார்.

நாங்கள் ஏழு பேரும் சுற்றி நின்று பார்த்தோம். எனக்கு அங்கே என்று ஒருத்தி, எனக்கு இங்கே என்று ஒருத்தி, இடம்கூடப் பிடித்துக்கொண்டோம். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வளைவு முழுக்க விரலை ஓட்டிப் பார்த்து, "பாஸ்" என்றேன். எங்கள் கண்ணுக்கு அது முழு மேசை. தச்சர் துணியை மடிக்கிறவர் இல்லை, பலகையை அறுக்கிறவர் என்பது எட்டுத் தலையில் ஒரு தலைக்கும் தோன்றவில்லை.

தாளைத் தச்சரிடம் கொடுத்தவர் வீட்டுக்காரர். அவர் காலையில் நடக்கப் போகிற வழியில்தான் பட்டறை. அந்த வாரம் எங்களுக்கு ஏற்றுமதி நெருக்கடி, அக்கா காலையிலிருந்து மெஷினை விட்டு நகரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் லாக்கரைத் திறந்தபோது தச்சரிடமிருந்து மூன்று தவறிய அழைப்பு, வேறு எதுவும் இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டதற்கு, "மேசைக் கால் எப்படி வேணும்னு கேட்டான், சொல்லிட்டேன்" என்றிருக்கிறார் வீட்டுக்காரர். அதை அக்கா மறுநாள் என்னிடம் சொன்னார். "பரவால்லடி, இந்த மட்டுக்காவது அக்கறையா இருக்காரு" என்றுகூடச் சொன்னார்.

மேசை வந்த அன்று, இரண்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைய, அக்கா அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாராம். "மீதி வண்டியில இருக்கா?"

"இவ்வளவுதாம்மா."

வீட்டுக்காரர் பழுப்புத் தாளைக் கொண்டுவந்து மேசை மேல் விரித்தார். இம்மி பிசகாமல் பொருந்தியது. "நீ வெட்டிக் குடுத்ததுதானே? அப்படியே செஞ்சிருக்கான்" என்றார். நேர் பக்கத்தை வெள்ளைக் கல் மேடையோடு ஒட்டிப் போட்டார்கள். அளவெடுத்து வாங்கினது மாதிரி இருக்கிறது என்று மருமகள் பாவம் ஆறுதலாகத்தான் சொன்னாள். வளைந்த பக்கம் நாலு நாற்காலி. நாலு பேரும் ஒரே பக்கமாக, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அடுப்போர நாற்காலி அக்காவுக்கு. வளைவு இறங்குகிற இடம் அது, தட்டு வைத்தால் டம்ளருக்கு இடமிருக்காது.

திங்கட்கிழமை கேன்டீனில் அக்கா இதைச் சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பிறகு ஒருத்தி, "அப்போ இன்னொரு பாதியச் செஞ்சு சேத்துடலாமே அக்கா" என்றாள்.

"எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்குறது? தப்பா வெட்டினது நானு" என்றார். அவர் சிரிப்பு அங்கே நின்றது.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் வீட்டுக்காரர் மேசையைக் காட்டிக் கதை சொல்ல ஆரம்பித்தார். முப்பது வருஷமாக அளவெடுக்கிற ஆள் பாதி மேசைக்கு அளவு கொடுத்த கதை. ஜவுளித் துறை போய், அந்தக் கதையில் மட்டும் மனைவி தையல் ஆலைக்காரியாகிவிடுவார். அக்கா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து தானும் சிரிப்பாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் தாளை 'பாஸ்' சொன்னவள் நான், வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எட்டு மாதம் போயிற்று. அக்கா ஓய்வு பெறுகிற நாள் நெருங்கியது. என்ன வாங்கித் தரலாம் என்று நாங்கள் ஏழு பேரும் கூடிப் பேசியதில், அந்த மீதிப் பாதி மேசையையே செய்து கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. நான்தான் பட்டறைக்குப் போனேன். மேசை என்று சொன்னதுமே தச்சருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"அந்தப் பாதி மேசையா? நான் அப்பவே கேட்டேனேம்மா. தாளப் பாத்ததும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. மேடத்துக்கு மூணு தடவ போட்டேன், எடுக்கல. அப்புறம் சாருக்குப் போட்டு, 'சார், இது பாதிதான் இருக்கு, முழுசா வேணுமா, இதேவா, மேடத்தக் கேட்டுச் சொல்லுங்க'ன்னேன். கேட்டுச் சொல்றேன்னு வெச்சாரு. அரை மணி நேரத்துல அவரே கூப்பிட்டாரு. 'கேட்டுட்டேன், மேடம் அதுவே போதும்னுட்டாங்க'ன்னாரு."

அந்த அரை மணி நேரம் அக்கா கட்டிங் மேசையில் இருந்தார். லாக்கரில் இருந்த ஃபோனில் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு அழைப்பும் வந்திருக்கவில்லை.

மீதிப் பாதியைக் கொண்டுபோய் இறக்கினால் இந்தப் பேச்சும் கூடவே வருமே என்று மேசையைச் செய்யச் சொல்லவில்லை. மரம் கிடைக்கவில்லையாம் என்று மற்றவர்களிடம் பூசி மெழுகினேன். வேறு ஏதோ ஒரு பரிசு வாங்கினோம், என்னவென்று இப்போது ஞாபகமில்லை. பத்து நாள் அக்காவின் எதிரே உட்கார்ந்து, அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் சாப்பிட்டேன்.

கடைசி வேலை நாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அக்கா எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டார். "மேசை பாதியா இருந்தா என்னடி, ரெண்டு பந்தியா உக்காருங்க" என்றார். போனோம். ஏழு பேரும் நல்ல புடவை கட்டியிருந்தோம். வீடு பளிச்சென்று இருந்தது. மருமகள் ஓடி ஓடிச் செய்தாள், மகன் தண்ணீர் ஊற்றினான். முதல் பந்தியில் நாங்கள் மூன்று பேர், எங்களோடு அக்காவையும் பிடித்து உட்கார வைத்தோம். அவர் போய் அந்த வளைவோரத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தார். "எங்கயோ பாத்த மூஞ்சிங்களா இருக்கே" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். இவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

அப்போது வீட்டுக்காரர் மேடைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "உங்களுக்கு இந்த மேசைக் கதை தெரியுமா?" என்று ஆரம்பித்தார். தெரியும் என்று சொல்லிப் பார்த்தோம். அவர் விடவில்லை. தாள், அளவு, வண்டியில் மீதி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தது, எல்லாம் வந்தது. "முப்பத்தோரு வருஷ அனுபவமாம்!" என்று முடித்துவிட்டு, நாங்கள் சிரிப்பதற்காகக் காத்திருந்தார்.

நான் சிரிக்கவில்லை. "பாதிதான் இருக்குன்னு தச்சர் உங்ககிட்ட கேட்டாராமே சார்" என்றேன். "அக்காவக் கேட்டுட்டேன், அதுவே போதும்னாங்கன்னு நீங்க சொன்னீங்களாமே?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மகன் தண்ணீர்ச் சொம்போடு நின்றான். "அப்பா?" என்றான்.

"நாலு பேருக்கு எட்டு நாற்காலி எதுக்குன்னு நான் மொதல்லயே கேட்டேன்" என்றார் அவர். "வீட்டுக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதா? தெனம் அங்க பாத்துக்குற ஆளுங்கதானே, அவங்கள இங்க வேற எதுக்கு?" பேசி முடித்த பிறகுதான் அந்த ஆட்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பது அவருக்கு உறைத்தது. ஹாலுக்குள் போய் டி.வி.யைப் போட்டார். சுவர் இல்லாததால் அவர் முதுகு எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாதிச் சாப்பாட்டோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்க் கழுவினார். இரண்டாம் பந்திக்கு அவரே பரிமாறினார். யாருக்கும் எதுவும் குறையவில்லை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று எல்லோரிடமும் சொன்னார், என்னைத் தவிர.

கிளம்பும்போது மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு என்னை வாசலில் நிறுத்தினார்.

"ஏன்டி சொன்ன?"

"உங்களுக்குத் தெரிய வேணாமா அக்கா? செய்யாத தப்புக்கு எத்தன நாளைக்கு நீங்க..."

"எனக்குத் தெரியாதுன்னு உங்கிட்ட யாரு சொன்னா?" குரலை உயர்த்தவில்லை. "தச்சர் மூணு தடவ கூப்பிட்டது என் ஃபோனுக்குத்தானே. மேசைக் காலப் பத்திக் கேக்குறதுக்கு எவனாவது மூணு தடவ கூப்பிடுவானா? அந்தப் பட்டறைக்கு எதிர்லதான் தெனம் என் பஸ்ஸு நிக்கும். எட்டு மாசத்துல ஒரு நாளாவது எறங்கிப் போய்க் கேட்டேனா? கேட்டா தெரிஞ்சு போயிடும்னுதான்டி கேக்கல."

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என் தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருந்த வரைக்கும் அந்த மேசையில உக்காந்து என்னால சாப்பிட முடிஞ்சுது. மத்தியானம் ஒரு வேளைக்கு நீங்க இருந்தீங்க. நாளையிலேருந்து எனக்கு ஆலையும் இல்ல, கேன்டீனும் இல்ல. மூணு வேளையும் இங்கதான், அவரு பக்கத்துலதான். இப்போ சொல்லு, எப்படி உக்காருவேன்?"

பதினெட்டு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர் கேட்டார். அவர் கதவில் கை வைத்துக்கொண்டு, நான் போகட்டும் என்று காத்திருந்தார்.